கோதென்பர்க்கின் நீலவெள்ளை அணி: இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளும் அதிர்ஷ்டமா?

கேள்வி இதுதான்: "சுவீடனின் ஐ.எஃப்.கே. கோதென்பர்க் அணி 1982-இலும் 1987-இலும் யூ.இ.எஃப்.ஏ. கோப்பையை வென்றது என்று படித்தேன். இன்று ஐரோப்பாவில் சுவீடன் அணிகளின் பெயரே காதில் விழுவதில்லை. அப்போது அதிர்ஷ்டம் கைகொடுத்ததா? அந்த அணியின் வரலாறு என்ன, பிறகு என்ன ஆயிற்று?"

அதிர்ஷ்டம் என்ற சொல்லை முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். 1981-82 பருவத்தில் அந்த அணி யூ.இ.எஃப்.ஏ. கோப்பையில் (இன்றைய யூரோப்பா லீக்) 12 ஆட்டங்கள் ஆடியது: 9 வெற்றி, 3 சமநிலை. 1986-87 பருவத்தில் மறுபடியும் 12 ஆட்டங்கள்: 7 வெற்றி, 5 சமநிலை. இரண்டு பருவங்களையும் சேர்த்தால் 24 ஆட்டங்களில் ஒரு தோல்விகூட இல்லை. ஒரு நாள் கூத்தாக ஓர் ஆட்டத்தில் பெரிய அணியைச் சாய்க்கலாம். ஐந்தாண்டு இடைவெளியில், ஏறக்குறைய வேறொரு தலைமுறை ஆட்டக்காரர்களோடு, இரண்டு முறை தோல்வியே காணாமல் கோப்பையைத் தூக்கியதற்கு வேறு காரணம் தேடவேண்டும். அதைப் புரிந்துகொள்ள முன்கதை கொஞ்சம் தேவை.

சுவீடனில் கால்பந்து வேரூன்றிய ஊரே கோதென்பர்க்தான். (ஊர்க்காரர்கள் அதை 'யோத்தெபோரி' என்று உச்சரிப்பார்கள், தமிழில் படிந்துவிட்ட வடிவத்தையே நான் இங்கே எழுதுகிறேன்.) மேற்குக் கரைத் துறைமுக நகரம். பிரிட்டனோடு கப்பல் தொடர்பும் வணிகத் தொடர்பும் நெருக்கம். சுவீடனின் முதல் கால்பந்து ஆட்டம் என்று கருதப்படுவது 1892 மே மாதம் இந்த ஊரில்தான் நடந்தது. அதில் ஆடிய ஓர்க்ரூத்தெ கழகம் இன்றும் இருக்கிறது.

ஐ.எஃப்.கே. பிறந்தது 1904 அக்டோபர் 4 அன்று, ஊலிவெதால் என்ற காபிக்கடையில். அந்த மூன்றெழுத்தின் பொருள் 'தோழர்கள் விளையாட்டுச் சங்கம்'. 1895-இல் ஸ்டாக்ஹோமில் 'தோழன்' என்ற பொருள்படும் சிறுவர் இதழ் ஒன்றின் வழியாகத் தொடங்கிய இயக்கம் அது. அதன் கிளைகள் சுவீடன் முழுக்கப் பரவின. அதனால்தான் நோர்ஷோப்பிங் அணியின் பெயரிலும் அதே மூன்றெழுத்து இருக்கிறது. கோதென்பர்க் அணியை ரசிகர்கள் சட்டை நிறத்தை வைத்து 'நீலவெள்ளை' என்றே அழைக்கிறார்கள்.

1908-இல் முதல் சுவீடன் சாம்பியன் பட்டம், பிறகு 1910, 1918. தேசிய லீக்கான ஆல்ஸ்வென்ஸ்கான் 1924-25 பருவத்தில் தொடங்கியது. அந்த முதல் பருவத்திலேயே நீலவெள்ளையின் ஃபிலிப் யுஹான்சன் 22 ஆட்டங்களில் 39 கோல் அடித்தார். அந்தச் சாதனை நூறாண்டு கழிந்தும் நிற்கிறது. ஆனால் அவ்வளவு கோல் அடித்தும் அணிக்குக் கிடைத்தது இரண்டாமிடம்தான். பட்டம் அதே ஊரின் இன்னொரு அணியான கைஸுக்குப் போனது. 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வந்தது. 1940-களில் இங்கே ஆடிய குன்னர் கிரேன் சுவீடனின் 'தங்கப் பந்து' விருதை 1946-இல் முதன்முதலாகப் பெற்றவர். பிறகு மிலான் போய் சக சுவீடன்காரர்களான நூர்தால், லீட்ஹோம் ஆகியோருடன் சேர்ந்து இத்தாலியையே ஆட்டிவைத்தார்.

அதே கிரேன் 1956-இல் ஊர் திரும்பினார், ஆனால் எதிரணியான ஓர்க்ரூத்தெவுக்கு. 1959-இல் அவருக்கு வயது 38. அவரைப் பார்ப்பதற்காக அந்த ஆண்டு ஜூன் 3 அன்று நடந்த உள்ளூர் மோதலுக்கு உல்லேவி மைதானத்தில் 52,194 பேர் கூடினார்கள். ஆல்ஸ்வென்ஸ்கான் வரலாற்றில் அதைவிடப் பெரிய கூட்டம் எந்த ஆட்டத்துக்கும் கூடியதில்லை.

1958-இல் ஒரு பட்டம். லீக்கை இலையுதிர்-வசந்தப் பருவத்திலிருந்து ஒரே நாட்காட்டி ஆண்டுக்கு மாற்றுவதற்காக அந்த ஒரு பருவத்தை மட்டும் 33 சுற்றுகளாக நீட்டினார்கள். அந்த நெடும்பருவத்தை வென்றது நீலவெள்ளை. அடுத்தது 1969. அதற்கு மறுவருடம் நடந்ததைச் சொல்லாமல் பின்னால் வந்த பெருமையின் எடை தெரியாது. நடப்பு சாம்பியனான அணி 1970-இல் பட்டியலின் அடிமட்டத்துக்குச் சரிந்தது. கடைசி ஆட்டம் ஓரெப்ரூவுக்கு எதிராக. தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். நிலைமை கைமீறிப் போவதைக் கண்ட ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஒரு கோல் கம்பத்தையே உடைத்துப்போட்டார்கள். ஆட்டம் கைவிடப்பட்டால் மறுஆட்டம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. பலிக்கவில்லை. அணி இறங்கியது. திரும்பி வர 1977 ஆயிற்று. நாட்டின் மிகப் பெரிய கூட்டத்தை இழுக்கும் அணிகளில் ஒன்று ஆறு பருவங்கள் இரண்டாம் பிரிவில் கிடந்தது.

திரும்பி வந்த காலத்தையொட்டி கிளப் பணத்தை வாரி இறைத்துப் பெரிய பெயர்களைக் கொண்டுவந்தது: ஊவெ சிண்ட்வல், ரால்ஃப் எட்ஸ்ட்ரோம், பியோர்ன் நூர்ட்குவிஸ்ட். கூட்டம் வந்தது, பட்டம் வரவில்லை. 1979-இல் நிர்வாகம் யாரும் எதிர்பாராத ஒரு முடிவெடுத்தது. டேகெர்ஃபோர்ஸ் என்ற சிறிய அணியைக் கீழ்ப் பிரிவில் பயிற்றுவித்துக்கொண்டிருந்த, முப்பதே வயதான ஸ்வென்-யோரான் எரிக்சனை அழைத்து வந்தது. பிற்காலத்தில் லாட்சியோவுக்கு இத்தாலியப் பட்டத்தையும் இங்கிலாந்து தேசிய அணிக்கு முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்ற பெயரையும் பெற்றவர் அவர். 2024 ஆகஸ்டில் காலமானார். 1979-இல் அவரை யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால், கேள்விக்கான விடையின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. 1974-இல் சுவீடனின் மால்மோ அணிக்குப் பயிற்சியாளராக வந்த பாப் ஹாட்டனும் 1976-இல் ஹால்ம்ஸ்டாட் அணிக்கு வந்த ராய் ஹாட்சனும் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆட்டமுறையைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் காவல் நிற்பதுதான் அதுவரை வழக்கம்: எதிரணி முன்கள வீரன் எங்கே போகிறானோ அங்கே அவனுடைய காவலனும் போவான், எல்லாருக்கும் பின்னால் ஒருவன் மிச்சத்தைத் துடைக்க நிற்பான். ஹாட்டனும் ஹாட்சனும் அதைத் தூக்கியெறிந்தார்கள். நான்கு பேர் பின்னால் ஒரே வரிசையில், நான்கு பேர் நடுவில் ஒரே வரிசையில், இருவர் முன்னால். ஒவ்வொருவனும் காப்பது இடத்தை. பந்து வலப்பக்கம் போனால் இரண்டு வரிசையும் கயிற்றில் கட்டியதுபோல் வலப்பக்கம் நகரும். பந்தை எதிரணி பின்னோக்கித் தள்ளினால் அதே நொடியில் முழு வரிசையும் பத்தடி முன்னே ஏறும். மால்மோ இந்த முறையை வைத்துக்கொண்டு 1979-இல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0-1 என்று தோற்றது.

எரிக்சன் அந்த முறையை மாணவன்போல உட்கார்ந்து கற்றவர். கோதென்பர்க்குக்கு வந்து அதையே புகுத்தினார். முதலில் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. தாக்குதல் ஆட்டத்துக்குப் பேர்போன அணியைத் தற்காப்பு யந்திரமாக்கிவிட்டான் என்று முணுமுணுத்தார்கள். முதல் ஆண்டிலேயே சுவீடன் கோப்பை கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் ஓட்வீதாபெரியை 6-1 என்று அடித்தார்கள். ஆனால் லீக்கில் இரண்டாமிடம், மூன்றாமிடம், மறுபடி இரண்டாமிடம்.

1981 இலையுதிர்காலத்தில் யூ.இ.எஃப்.ஏ. கோப்பை தொடங்கியபோது ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். ஃபின்லாந்தின் ஹாக்கா, ஆஸ்திரியாவின் ஷ்டுர்ம் கிராட்ஸ், ருமேனியாவின் தினாமோ புக்கரெஸ்ட் ஆகிய அணிகளைத் தாண்டிவிட்டார்கள். குளிர்கால இடைவெளி முடிந்து காலிறுதி வந்தபோது கிளப்பின் கஜானா காலி. வலென்சியாவுக்குப் பயணம் போக ரசிகர் சங்கத்திடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன் பணத்தில் போய் 2-2 என்று சமன் செய்துவிட்டு, சொந்த மண்ணில் 2-0 என்று வென்றார்கள். அரையிறுதியில் எதிரே ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன். அதற்கு முந்தைய சுற்றில்தான் அது ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நொறுக்கியிருந்தது. அங்கே 1-1, இங்கே கூடுதல் நேரத்தில் ஸ்டீக் ஃபிரெட்ரிக்சனின் பெனால்டியால் 2-1.

இறுதிச் சுற்று அப்போது இரண்டு ஆட்டங்கள். எதிரணி ஹம்பர்க். பயிற்சியாளர் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஹாப்பல்; களத்தில் மன்ஃப்ரெட் கால்ட்ஸ், ஃபெலிக்ஸ் மகாத், ஹோர்ஸ்ட் ருபெஷ். அந்த அணி எவ்வளவு பலம் வாய்ந்தது என்பதற்கு ஒன்று போதும்: அதே 1982-இல் ஜெர்மன் லீக்கை வென்றது, அடுத்த ஆண்டு யுவென்டஸை வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன் ஆனது. மே 5 அன்று உல்லேவியில் மழை. ஈரம் ஊறிய தரையில் 87-ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. பிறகு தூர்ட் ஹோல்ம்கிரேன் ஒன்று அடித்தார். 1-0. ஒரு கோல் முன்னிலையோடு ஹம்பர்க் போகிறார்கள், அங்கே கதை முடிந்துவிடும் என்பதுதான் ஜெர்மனியில் பொதுவான எண்ணம்.

மே 19, ஹம்பர்க்கின் ஃபோல்க்ஸ்பார்க் மைதானம், 57,000-க்கும் மேற்பட்ட கூட்டம். 26-ஆவது நிமிடம் டான் குர்னேலியுசன். ஹம்பர்க்குக்கு இப்போது மூன்று கோல் தேவை, அதனால் ஆட்கள் முன்னே ஏறுகிறார்கள். பின்னால் திறந்த வெளி. 61-ஆவது நிமிடம் டூர்பியோர்ன் நில்சன். இரண்டே நிமிடத்தில் ஃபிரெட்ரிக்சனின் பெனால்டி. 3-0. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-0. ஐரோப்பாவின் அடுத்த சாம்பியனாகப் போகிற அணியால் நீலவெள்ளைக்கு எதிராக 180 நிமிடத்தில் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. நில்சன் அந்தத் தொடரில் 9 கோல் அடித்து முதலிடம் பெற்றார். அந்த ஆண்டே சுவீடன் கோப்பையும் லீக் பட்டமும் சேர்ந்து வந்தன. லீக் இறுதிச் சுற்றில் ஹம்மர்பியூவிடம் சொந்த மண்ணில் 1-2 என்று தோற்று, ஸ்டாக்ஹோமில் போய் 3-1 என்று மீட்டார்கள்.

(அந்த அணியில் க்ளென் ஹூசேன், க்ளென் ஸ்ட்ரோம்பெரி, க்ளென் ஷில்லர், க்ளென் ஹோல்ம் என்று நான்கு க்ளென்கள். "கோதென்பர்க்கில் எல்லாருக்கும் பெயர் க்ளென்" என்ற சொல்வழக்கு அங்கிருந்து வந்ததுதான். கால்பந்து தெரியாத சுவீடன்காரர்களும் அதைச் சொல்வார்கள்.)

வெற்றியின் விலை உடனே தெரிந்தது. எரிக்சன் போர்ச்சுகலின் பென்ஃபிக்காவுக்குப் போனார், பின்னாலேயே ஸ்ட்ரோம்பெரியும். நில்சன் கைசர்ஸ்லாட்டர்னுக்கு, குர்னேலியுசன் ஷ்டுட்கார்ட்டுக்கு, ஹூசேன் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவனுக்கு. ஓர் அணியின் முதுகெலும்பையே உருவிவிட்டார்கள். ஆனாலும் 1983, 1984 ஆண்டுகளின் பட்டமும் நீலவெள்ளைக்கே. எரிக்சனின் உதவியாளராக இருந்த குண்டர் பெங்ட்சன் 1985-இல் பொறுப்பேற்றார். ஆட்டமுறை மாறவில்லை, ஆள் மாறினாலும் வரிசை நகரும் விதம் அதேதான். தனிமனித மேதையை நம்பியிராத அணி என்பதால்தான் இது சாத்தியமாயிற்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் மனத்தை இன்றும் அறுக்கும் ஆட்டம் 1986-இல் நடந்தது. ஐரோப்பிய சாம்பியன் கோப்பை. காலிறுதியில் ஸ்காட்லாந்தின் அபர்டீனை வெளியூர் கோல் கணக்கில் (இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்த அணி முன்னேறும்) தாண்டிவிட்டு அரையிறுதியில் பார்சிலோனா. உல்லேவியில் 3-0! பார்சிலோனாவை மூன்று கோலால் அடித்துவிட்டு இறுதி ஆட்டத்தின் வாசலில் நிற்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து பார்சிலோனாவில் பீச்சி அலோன்சோ என்பவர் மூன்று கோல் போட்டார். 0-3. பெனால்டியில் பார்சிலோனா 5-4. அந்த பார்சிலோனா இறுதி ஆட்டத்தில் ருமேனியாவின் ஸ்டேவாவுக்கு எதிராக நான்கு பெனால்டியையும் தவறவிட்டுக் கோப்பையை இழந்தது. ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்திருந்த டூர்பியோர்ன் நில்சன் அந்தத் தொடரிலும் அதிக கோல் அடித்தவர். சாம்பியன் கோப்பையைத் தூக்கக்கூடிய அணியாக அது இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுவருடமே மீண்டார்கள். 1986-87 யூ.இ.எஃப்.ஏ. கோப்பையில் இன்டர் மிலானை உல்லேவியில் 0-0, மிலானில் 1-1 என்று நிறுத்தி, வெளியூர் கோல் விதியால் வெளியேற்றினார்கள். இறுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைடெட். அது அந்தத் தொடரில் பார்சிலோனாவை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்து வந்த அணி. உல்லேவியில் 50,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஸ்டெஃபன் பெட்டர்சனின் கோலால் 1-0. டண்டீயில் லென்னார்ட் நில்சன் 22-ஆவது நிமிடத்தில் முந்திக்கொள்ள, ஜான் கிளார்க் சமன் செய்தார். 1-1 என்று முடிந்தது. தோற்ற டண்டீ ரசிகர்கள் எழுந்து நின்று கோதென்பர்க் ஆட்டக்காரர்களுக்குக் கைதட்டினார்கள். அந்தப் பண்புக்காக அவர்களுக்கு ஃபிஃபா நேர்மை விருது கொடுத்தது. அதே ஆண்டு லீக் பட்டமும் வந்தது. ஆடவர் கால்பந்தில் ஐரோப்பியப் பெருங்கோப்பை ஒன்றை வென்ற வேறு நோர்டிக் அணி இதுவரை இல்லை.

1990-களைச் சுருக்கிச் சொல்லிவிட மனம் வரவில்லை, ஏனென்றால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ரோகர் குஸ்தாஃப்சன் பயிற்சியில் 1990, 1991, 1993, 1994, 1995 என்று பட்டங்கள். அவருக்குப் பிறகு 1996-இலும். சாம்பியன்ஸ் லீக் என்ற பெயர் வந்த முதல் பருவமான 1992-93-இல் மிலான், போர்ட்டோ, பி.எஸ்.வி. ஐந்தோவன் இருந்த குழுவில் இரண்டாமிடம். குழுவில் முதலிடம் பெற்றவர் நேரே இறுதி ஆட்டத்துக்குப் போகும் முறை அப்போது இருந்தது. மிலானில் மார்கோ வான் பாஸ்டன் இவர்களுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். சாம்பியன்ஸ் லீக்கில் அப்படி அடித்த முதல் ஆள் அவர்.

1994-95-இல் இன்னும் கனமான குழு: பார்சிலோனா, மான்செஸ்டர் யுனைடெட், கலாட்டசராய். நீலவெள்ளை சொந்த மண்ணில் பார்சிலோனாவை 2-1, மான்செஸ்டரை 3-1 என்று வென்று குழுவில் முதலிடம் பிடித்தது. மான்செஸ்டர் குழுச் சுற்றோடு வெளியேறியது. இடப்பக்கம் பறந்த யெஸ்பர் புளூம்குவிஸ்ட்டைப் பின்னாளில் அதே மான்செஸ்டர் வாங்கி 1999 இறுதி ஆட்டத்தில் இறக்கியது. காலிறுதியில் பாயர்ன் மியூனிக்: அங்கே 0-0, இங்கே 2-2. வெளியூர் கோல் விதி இன்டருக்கு எதிராகக் கொடுத்ததை இங்கே திருப்பி எடுத்துக்கொண்டது.

அந்த 1994 வெற்றிகளுக்குள்ளேயே உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை இருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கு அப்போது கடுமையான வரம்பு இருந்தது. மான்செஸ்டர் பார்சிலோனாவில் 0-4 என்று தோற்ற ஆட்டத்தில் டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேல் என்ற உலகத்தரக் கோல்காப்பாளரை அந்த விதிக்காகவே வெளியே உட்காரவைக்க நேர்ந்தது. கோதென்பர்க்குக்கு அந்தச் சிக்கல் கிடையாது. கோல்காப்பாளர் தூமஸ் ரவேல்லி முதற்கொண்டு அணி ஏறக்குறைய முழுக்க சுவீடன்காரர்கள். அந்த சுவீடன் 1994 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த நாடு. அதாவது பணக்கார அணிகளின் கை கட்டப்பட்டிருந்தது, நல்ல தலைமுறை ஒன்று ஊரிலேயே இருந்தது.

1995 டிசம்பரில் பாஸ்மன் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களான ஆட்டக்காரர்கள்மீது வெளிநாட்டவர் வரம்பு செல்லாது, ஒப்பந்தம் முடிந்தால் இலவசமாகப் போகலாம் என்றாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. முன்பு 25 வயதில் ஊரைவிட்டுப் போன ஆட்டக்காரர்கள் இப்போது 19 வயதிலேயே போகிறார்கள். அதோடு சுவீடனில் கிளப்பின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்பது விதி. எந்தக் கோடீஸ்வரரும் வந்து வாங்கிவிட முடியாது. அந்த விதியை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். 1982-இல் வலென்சியா பயணத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் கையிலேயே அணி இருப்பதுதான் நியாயம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, சுவீடன் அதைத் தெரிந்தே கொடுக்கிறது.

1996-க்குப் பிறகு வந்த லீக் பட்டம் ஒன்றே ஒன்று. 2007-இல் கடைசிச் சுற்றில் ட்ரெல்லெபோரியை 2-0 என்று வென்று, பதினெட்டாவது பட்டம். அதற்குப் பின் சுவீடன் கோப்பை 2008, 2013, 2015, 2020 ஆண்டுகளில் வந்தது, மொத்தம் எட்டு. 2015 லீக்கில் நோர்ஷோப்பிங்குக்கு மூன்று புள்ளி பின்னால் இரண்டாமிடம். அண்மைக் காலத்தில் பட்டியலின் கீழ்ப்பாதியில் தத்தளித்த பருவங்களும் உண்டு. 2009 முதல் ஆடுவது சுமார் 18,000 பேர் அமரும் புதிய மைதானத்தில். அதன் பெயர் 'பழைய உல்லேவி'. அதே இடத்தில் 1916 முதல் நின்ற மைதானத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ஆட்டப் பதிவு பார்க்க விரும்பினால் 1982 மே 19 ஹம்பர்க் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்களை மட்டும் வெட்டிப் போட்ட சுருக்கத்தைப் பார்க்காதீர்கள், முழு ஆட்டத்தையும் பாருங்கள். முதல் இருபது நிமிடம் பந்தைவிட்டுக் கண்ணை எடுத்து, பின்வரிசை நால்வரைக் கவனியுங்கள். ருபெஷ் தலைக்குக் குறிவைத்து உயரப் பந்து வரும்போது அவர்களில் ஒருவர் எழும்புவார். மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் அரைவட்டமாக மூடிக்கொண்டு, பந்து விலகிய மறுகணமே மீண்டும் நேர்க்கோட்டுக்கு வந்துவிடுவார்கள்.